சட்டைப் பையில் மூன்று துளை

தென்கரை, பெரியகுளம்.
ஐப்பசி மாதம்.

என் செல்லத் தாயி கயலுக்குத் தாத்தா எழுதுவது.

இங்கே நாலு நாளாக மழை விடவில்லை. வராக நதியில் செந்தண்ணீர் போகிறது. பாலசுப்பிரமணியர் கோயில் பக்கம் மருத மரத்தடியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே கோயம்புத்தூரில் மழை எப்படி? துணிமணி காய்கிறதா? ஈரத்தோடு எதையும் மடித்துப் பெட்டிக்குள் வைக்காதே. இதைத் துணிக்கு மட்டும் சொல்லவில்லை தாயி. ஏன் சொல்கிறேன் என்று சொல்கிறேன், பொறு.

முந்தாநாள் ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. "தாத்தா, பரணிலிருந்து எடுத்துட்டு வந்தேனே, அந்த பிஸ்கட் டின் கட்சி பேட்ஜ், அதுல பதினொன்ன புளி போட்டுத் தேய்ச்சு சோப்புத் தண்ணியில ஊறப்போட்டுட்டேன், பளபளன்னு வந்திருச்சு" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லாமல் "சரிடா தாயி" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால் அப்பத்தா கழுவட்டும் என்று எழுந்து போகிறவள், யாரும் கேட்காமலே அறுபது வருஷத்துத் தகரத்தைக் கழுவியிருக்கிறாய். இந்தச் சுறுசுறுப்பை அன்றைக்குத் தட்டில் காட்டியிருக்கக் கூடாதா?

கோபம் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் முதலில் ஒரு காரியம் செய். கழுவிய பதினொன்றையும் எடு. மெல்ல உதறு. பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடு, தேய்க்காதே. முகம் கீழே இருக்கும்படி ஒரு துணி மேல் கவிழ்த்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடு. வெயிலில் வைக்காதே; நிறம் வெளுத்துவிடும். நீ தலைமுடி காயவைக்கும் சூட்டு மிஷினை அதன் பக்கமே கொண்டு போகாதே.

நான் இதை ஒரு தையல்காரனாகச் சொல்கிறேன். பேட்ஜும் ஒரு சட்டையைப் போல அடுக்கடுக்காகச் சேர்த்துத் தைத்த சாமான்தான். அடியில் குவிந்த தகரத் தட்டு. அதன் மேல் படம் அச்சடித்த காகிதம். காகிதத்தின் மேல் கண்ணாடி போல ஒரு மெல்லிய தாள். மூன்றையும் விளிம்பில் மடக்கி, பின்னால் ஒரு தகர வளையம் கொடுத்து அச்சு மிஷினில் அழுத்தினால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். சட்டைக் கழுத்தை உள்ளே மடித்துத் தைப்பது போலத்தான். அந்த வளையத்துக்குள் வளைத்த கம்பிதான் ஊக்கு. தண்ணீர் பட்டால் விளிம்பு மடிப்பு வழியாக உள்ளே இறங்கும். வெளியே துடைத்துவிடுவாய், உள்ளே போன தண்ணீரைக் காகிதம் குடித்து வைத்திருக்கும். பிறகு தகரம் துருப்பிடிக்கும். ஆறு மாதம் கழித்துத் தலைவர் முகத்தில் தேமல் மாதிரி பழுப்புப் புள்ளி வரும். அதை எந்தப் புளியாலும் எடுக்க முடியாது.

உன் டின்னில் மூன்று வகை இருக்கிறது. காகிதம் வைத்துச் செய்தது ஒன்று. தகரத் தகட்டின் மேலேயே நேராக அச்சடித்து வெட்டியது இன்னொன்று. பித்தளையில் வண்ணப்பூச்சு உருக்கி ஊற்றியது மூன்றாவது. அது நாலைந்துதான் இருக்கும். பித்தளையைப் பற்றிக் கவலையில்லை. தகரத்தில் அச்சடித்தது தண்ணீருக்குக் கொஞ்சம் தாங்கும், ஆனால் தேய்த்தால் மை போய்விடும். காகிதம் வைத்ததுதான் எனக்குப் பயம். விளிம்பை நகத்தால் தடவிப் பார், மேலே தாள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அந்தக் கண்ணாடித் தாளுக்கு ஒரு கதை உண்டு. முதன்முதலில் அதைச் செல்லுலாய்டில் செய்தார்கள். பஞ்சு நாரை அமிலத்தில் போட்டுப் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்துப் பிசைந்து தட்டினால் செல்லுலாய்டு. கடையில் பஞ்சும் சாமி மாடத்தில் கற்பூரமும் வைத்துக்கொண்டு அறுபது வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கு இதைப் படித்தபோது அவ்வளவு ஆச்சரியம். பழைய சினிமாச் சுருளும் அதில் செய்ததுதான். கற்பூரம் மாதிரியே சட்டென்று பற்றிக்கொள்ளும். நம் டின்னில் இருப்பவை எல்லாம் பிற்காலத்துப் பிளாஸ்டிக், பயமில்லை.

இந்த ஊக்கு வைத்த பேட்ஜ் பிறந்தது அமெரிக்காவில். நியூஜெர்சி மாகாணத்தில் நியூவார்க் என்ற ஊரில் வொயிட்ஹெட் அண்ட் ஹோக் என்ற கம்பெனி 1896-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியது. அந்த வருஷம்தான் அங்கே மெக்கின்லிக்கும் பிரையனுக்கும் ஜனாதிபதித் தேர்தல். தங்கத்தை நாணயத்துக்கு அடிப்படையாக வைப்பதா, வெள்ளியையும் சேர்ப்பதா என்பதுதான் சண்டை. தெருவில் போகிறவன் வருகிறவன் சட்டையிலெல்லாம் பேட்ஜ் ஏறிவிட்டது. அதற்கு முன்னால் லிங்கன் 1860-ல் நின்றபோது, மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த போட்டோவைப் பித்தளை வளையத்தில் பதித்துக் குத்திக்கொண்டார்கள். அதற்கும் முன்னால், 1789-ல் வாஷிங்டன் பதவியேற்றபோது, அவர் பெயரெழுத்து பொறித்த உலோகப் பொத்தானைக் கோட்டிலே தைத்துக்கொண்டார்கள். நிஜப் பொத்தான் தாயி, நூல் கோத்துத் தைத்தது. இன்றைக்கும் அமெரிக்காக்காரன் பேட்ஜைப் பொத்தான் என்றுதான் சொல்கிறான். எவனோ ஒரு தையல்காரன் அன்றைக்கு அந்தப் பொத்தானைத் தைத்துக் கொடுத்திருப்பான் என்று நினைத்தால் எனக்கு அவன் பங்காளி மாதிரி தோன்றுகிறது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

சின்ன வயதில் பேட்ஜ் என்று நான் அறிந்தது கொடிநாள் கொடி ஒன்றுதான். டிசம்பர் 7-ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் காசு வாங்கிக்கொண்டு குண்டூசியோடு ஒரு காகிதக் கொடி கொடுப்பார்கள். ராணுவக்காரர் குடும்பங்களுக்காக 1949-லிருந்து நடக்கிற காரியம். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு வீடு வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவேன். சாயங்காலம் குண்டூசியை அம்மா வாங்கி வைத்துக்கொள்வார். கொடியை நான் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன். சேர்த்து வைக்கிற புத்தி அப்போதே வந்துவிட்டது போல.

தேர்தலில் சின்னம் என்ற ஒன்று ஏன் வந்தது என்று நீ யோசித்திருக்கிறாயா? 1951-52-ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது ஓட்டுப் போட வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள் என்று படம் கொடுத்தார்கள். 1957-ல் திமுக முதன்முதலாகத் தேர்தலில் நின்றது, பிறகு உதயசூரியன் அதன் சின்னமானது. என் அம்மாவுக்குக் கைநாட்டுத்தான். ஆனால் எந்தப் படம் எவருடையது என்று விரல் விட்டுச் சொல்வார். சட்டையில் குத்திய பேட்ஜ்தான் அவருக்குப் பாடப் புத்தகம்.

நான் தென்கரையில் மாஸ்டரிடம் காஜா எடுக்கும் பையனாகச் சேர்ந்தபோது எனக்குப் பதினாலு வயது. 1967 தேர்தல் சமயத்தில் ராப்பகலாகக் கொடி தைத்தோம். ஒரு மிஷினில் கறுப்பும் சிவப்பும், பக்கத்து மிஷினில் மூவர்ணம். மாஸ்டர் எந்தக் கட்சித் துணியையும் தரையில் போட விடமாட்டார். "அது ஒருத்தன் நெஞ்சுல குத்திக்கிற நெறம்டா, மிதிக்காதே" என்பார். அந்த வருஷம் 234 இடத்தில் 137 திமுகவுக்குப் போனது. ஊரில் இரட்டைக் காளை பேட்ஜ் போட்டிருந்தவர்களெல்லாம் ஒரே ராத்திரியில் கழற்றிவிட்டார்கள். கடைக்குத் துணி கொடுக்க வந்த ஒரு பெரியவர் சட்டையிலேயே அதை மறந்து விட்டுவிட்டுப் போனார். திருப்பிக் கொடுக்கப் போனபோது, "இனி அது எதுக்குய்யா, நீயே வச்சுக்க" என்றார். உன் டின்னில் இருக்கும் இரட்டைக் காளை அதுதான். நான் வைத்துக்கொண்ட முதல் பேட்ஜ். இரண்டு வருஷத்தில் காங்கிரஸ் உடைந்து அந்தச் சின்னமே இல்லாமல் போயிற்று. ஒரு பக்கம் பசுவும் கன்றும், இன்னொரு பக்கம் ராட்டையில் நூற்கும் பெண். கை வந்தது 1977-க்குப் பிறகுதான்.

நீ உன் அப்பாவிடம் கேட்டாயாம், தாத்தா எந்தக் கட்சி, ஏன் எல்லாக் கட்சி பேட்ஜும் வைத்திருக்கிறார் என்று. எனக்கென்று ஒரு பிடிப்பு உண்டு. அதை ஓட்டுப் பெட்டியோடு வைத்துக்கொண்டேன். கடையில் உட்கார்ந்தவனுக்கு வருகிற உடம்பெல்லாம் அளவெடுக்க வேண்டிய உடம்புதான்.

தையல்காரனுக்குத் தெரிந்த ஒரு ரகசியம் சொல்கிறேன். ஆளைப் பார்க்காமலே சட்டையை வைத்து அவன் கட்சிக்காரனா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இடது பக்கப் பையின் மேல் விளிம்புக்குக் கீழே, அரை அங்குலத்தில் இரண்டு சின்னத் துளை இருக்கும். ஊக்கு உள்ளே போன துளை ஒன்று, வெளியே வந்த துளை ஒன்று. டெரிலின் துணியில் துளை மூடாது, இழை விலகி அப்படியே நிற்கும். பருத்தியில் துவைத்தால் கொஞ்சம் கூடிவிடும். ரொம்ப நாள் குத்தியிருந்தால் துளையைச் சுற்றித் துரு வளையம் இருக்கும். பேட்ஜைக் கழற்றிவிட்டு வேறு இடத்தில் வேறு பேட்ஜ் குத்தினால் அதுவும் தெரியும். கட்சி மாறியவன் வாயால் என்ன சொன்னாலும் பை சொல்லிவிடும்.

1972 அக்டோபர் 17-ஆம் தேதி எம்ஜிஆர் தனிக் கட்சி தொடங்கினார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு நான் தைத்துக் கொடுத்த சட்டைகளின் பைகளில் பழைய துளையும் புதுத் துளையுமாக எத்தனை பார்த்தேன்! மறுவருஷம் மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தல். மாயத்தேவர் நின்றார், இரட்டை இலை அப்போதுதான் முதன்முதலாக வந்தது. நம்மூரிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போகும் பஸ்ஸெல்லாம் இளவட்டங்களால் நிரம்பி வழிந்தது. மாயத்தேவர் ஜெயித்தார். காமராஜர் பக்கத்துக் காங்கிரஸ் இரண்டாவது, ஆளுங்கட்சியான திமுக மூன்றாவது. அதற்குப் பிறகு இரட்டை இலையைப் பேட்ஜாகக் குத்தியது போதாது என்று கையிலேயே பச்சை குத்திக்கொண்டவர்கள் உண்டு. நம் தெருவிலும் இரண்டு பேர் இருந்தார்கள்.

1984-ல் எம்ஜிஆர் நம் ஆண்டிபட்டியில் நின்றார். நின்றார் என்பது பேச்சுக்கு. ஆள் அமெரிக்காவில், புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வேட்பாளர் ஊருக்கே வரவில்லை, ஓட்டு மட்டும் மலை மலையாக விழுந்தது. தொப்பியும் கண்ணாடியுமாக அவர் சிரிக்கிற வட்ட பேட்ஜ் உன் டின்னில் ஆறோ ஏழோ இருக்கிறது பார். அதெல்லாம் அந்தச் சமயத்தில் சேர்ந்தது. யாரும் தூக்கிப் போடவில்லை. தேனி மாவட்டத்தில் இன்றைக்கும் பாதி வீட்டில் எங்காவது ஒன்று கிடக்கும். அதனால் அதற்கு விலையும் அவ்வளவு வராது.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரட்டைப் புறா. உன் தோழியின் அண்ணன் யாரோ படம் பார்த்துவிட்டு, அது ஒன்றுக்கு மட்டும் நல்ல விலை தருவதாகச் சொல்கிறாராமே. "மங்கிப்போய், ஊக்கு வளைஞ்சு, பார்க்கவே அசிங்கமா இருக்கு தாத்தா, அதுக்கு எதுக்கு இவ்வளவு காசு" என்று கேட்டாய்.

எம்ஜிஆர் 1987 டிசம்பர் 24-ஆம் தேதி இறந்தார். கட்சி இரண்டாக உடைந்தது. எம்ஜிஆரின் மனைவி ஜானகி அம்மா ஜனவரியில் முதலமைச்சராகி அந்த மாதக் கடைசியிலேயே ஆட்சி போய், ஒரு வருஷம் ஜனாதிபதி ஆட்சி. இரண்டு பக்கமும் இரட்டை இலை எனக்குத்தான் என்று நிற்க, தேர்தல் ஆணையம் அதை முடக்கிவிட்டது. ஜெயலலிதா பக்கம் சேவல். ஜானகி பக்கம் இரட்டைப் புறா. 1989 ஜனவரி 21-ஆம் தேதி ஓட்டுப் பதிவு. ஜெயலலிதா போடிநாயக்கனூரில் நின்றார். ஜானகி அம்மா கணவர் நின்ற ஆண்டிபட்டியிலேயே நின்றார். தமிழ்நாடு முழுக்கப் பார்த்தாலும் அந்தச் சண்டையின் நடு முற்றம் நம் பள்ளத்தாக்குத்தான் தாயி. ஒரே மாவட்டத்தில், கண்ணுக்கெட்டிய தூரத்தில், இந்தப் பக்கம் சேவல், அந்தப் பக்கம் புறா. அப்போது தேனி தனி மாவட்டம் ஆகவில்லை, மதுரை மாவட்டத்தில்தான் இருந்தோம் என்பதையும் குறித்துக்கொள்.

நம் கடைக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் சட்டை தைக்க வருவார்கள். மாந்தோப்பு வைத்திருந்தவர்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணன் புறா, தம்பி சேவல். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேச்சு வார்த்தை இல்லாமல், ஆளுக்கு ஒரு நேரம் பார்த்துக் கடைக்கு வருவார்கள். அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பி கையில் கொடுத்தனுப்ப முடியாது. பொங்கலுக்குத் தைத்த இரண்டு சட்டையையும் நானே கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த அம்மா, அவர்களைப் பெற்றவர், வாசலில் நின்று வாங்கிக்கொண்டு அழுதார்.

தேர்தல் முடிந்தது. போடியில் சேவல் ஜெயித்தது. ஆண்டிபட்டியில் புறா தோற்றது. மாநிலத்தில் திமுக ஆட்சிக்கு வந்தது. அடுத்த மாதமே இரண்டு அணியும் ஒன்றாகிவிட்டன. இரட்டை இலை திரும்பி வந்தது. மார்ச்சில் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் தேர்தல் நடந்தபோது இரட்டை இலையில்தான் நின்றார்கள், ஜெயித்தார்கள். புறாவும் சேவலும் உயிரோடு இருந்தது எண்ணிச் சொல்லும் சில வாரங்கள்தான்.

மாசி மாதம் ஒரு நாள் அந்த அண்ணன் கடைக்கு வந்தார். சட்டைப் பையைக் காட்டி, "மாஸ்டர், இந்த ஓட்டையையெல்லாம் அடைச்சுக் குடுங்க" என்றார். பார்த்தேன். மேலே பழைய இரட்டை இலை குத்திய துளை. கொஞ்சம் கீழே புறா குத்திய துளை. இன்னும் கொஞ்சம் தள்ளி, புதிதாக வாங்கிய இரட்டை இலை குத்திய துளை. ஒரே பையில், ஒரே வருஷத்தில் மூன்று. பையைப் பிரித்து அதே துணியில் வேறு பை வைத்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. அவர் கையிலிருந்த புறா பேட்ஜை வெட்டு மேஜை மேல் வைத்துவிட்டு, "வீட்டுல வச்சா தம்பி கண்ணுல படும், தூக்கிப் போடவும் மனசு வரல, நீங்க வச்சுக்கிடுங்க" என்றார். அன்றைக்கு ராத்திரி அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதாக அவர்கள் அம்மா பிறகு சொன்னார்.

அதுதான் தாயி அந்த மங்கிப்போன புறா. ஊக்கு வளைந்திருப்பது அவர் அன்றைக்கு அவசரமாகக் கழற்றியதால். அதை நிமிர்த்தாதே.

ஜெயித்தவர் பேட்ஜை எல்லாரும் வைத்திருப்பார்கள். தோற்றவர் பேட்ஜை யாராவது ஒருவர் வைத்தால்தான் உண்டு. நான் சொல்வது நம்மூருக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் பேட்ஜ் சேர்க்கிறவர்கள் உயிரை விடுகிற பேட்ஜ் ஒன்று இருக்கிறது. 1920-ல் காக்ஸ் என்பவர் ஜனாதிபதிக்கு நின்றார். துணை ஜனாதிபதிக்கு ஒரு இளைஞர், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். இரண்டு பேர் முகமும் சேர்ந்து போட்ட பேட்ஜ் கொஞ்சம்தான் அடித்தார்கள். இரண்டு பேரும் படுதோல்வி. அந்த ரூஸ்வெல்ட் பிற்பாடு 1932-லிருந்து நாலு தடவை ஜனாதிபதியாக ஜெயித்தார். இன்றைக்கு அந்தத் தோற்றுப்போன பேட்ஜ் ஒன்று கிடைத்தால் பல ஆயிரம் டாலர். முன்னே சொன்னேனே பிரையன், அவர் 1896, 1900, 1908 என்று மூன்று தடவை நின்று மூன்று தடவையும் தோற்றவர். அவருடைய பேட்ஜையும் சேர்த்துப் பாதுகாத்து வைத்த ஆட்கள் இருந்ததால்தான் அந்த ஊர்க்காரன் தன் சரித்திரத்தை முழுசாகப் பார்க்க முடிகிறது. நம் பக்கம் அப்படி யார் வைக்கிறார்கள்? தேர்தல் முடிந்த மறுநாள் குப்பையோடு போய்விடுகிறது.

விலை ஏறினால் போலியும் வரும். அமெரிக்காவில் 1973-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், பழைய தேர்தல் பேட்ஜைப் பார்த்து நகல் அடித்தால் அடித்த வருஷத்தை அதிலேயே பொறிக்க வேண்டும் என்று. பேட்ஜ் கையில் வந்ததும் நீ முகத்தைப் பார்க்கிறாய். முதுகைத் திருப்பிப் பார்க்கப் பழகு. ஊக்கின் துரு, வளையத்தின் தேய்மானம், அச்சகத்தின் பெயர் ஏதாவது இருந்தால் அது, துணியின் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று எல்லாம் பின்னால்தான் இருக்கும். சட்டை வாங்கும்போதும் உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! ஒரு தடவையாவது பார்த்தாயா? போன பொங்கலுக்கு வாங்கிய அந்தச் சுடிதார் தோள் பிரிந்து வந்தது யாரிடம்?

இப்போது பேட்ஜ் குத்துகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஓட்டுச் சாவடிக்கு 100 மீட்டருக்குள் சின்னத்தோடு போகக் கூடாது. அடிக்கிற பேட்ஜெல்லாம் வேட்பாளர் செலவுக் கணக்கில் ஏறுகிறது. வேறொரு வழக்கமும் வந்துவிட்டது. மெல்லிய வெள்ளைச் சட்டை போட்டு, பைக்குள் தலைவர் படத்தை வைத்தால் வெளியே நன்றாகத் தெரியும். "பைக்கு மட்டும் மெல்லிசுத் துணியா வைங்க மாஸ்டர்" என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதில் ஊக்கும் இல்லை, துளையும் இல்லை. படத்தை மாற்றினால் பைக்குத் தெரியாது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நெஞ்சில் குத்திக்கொண்டவன் ஒரு துளையையாவது தாங்கினான்.

டின்னுக்கு அடியில் ஒரு கறுப்புத் துணித்துண்டு, குண்டூசியோடு இருக்கும். அழுக்குத் துணி என்று தூக்கிப் போட்டுவிட்டாயோ என்று பயமாக இருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைக்காகக் கம்பம் பள்ளத்தாக்கே எழுந்து குமுளியைப் பார்த்து நடந்தபோது நான் கிழித்துக் கொடுத்த கறுப்பு பேட்ஜில் மிஞ்சியது அது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் வயலும் இல்லை, வயல்காரன் சட்டைக்குத் துணியும் இல்லை. வெட்டு மிச்சத்தில் கிழித்த துணிதான், அதில் படமும் இல்லை எழுத்தும் இல்லை. ஆனால் அதைக் குத்தியபோது ஆட்களின் முகம் இருந்த விதம் எனக்கு மறக்கவில்லை. அதைத் துவைத்துவிடாதே.

உனக்கு இந்த டின்னை முழுசாகக் கொடுத்துவிடத்தான் போகிறேன். உன் அப்பனுக்கு இதில் நாட்டமில்லை. நீதான் பரண் ஏறினவள். ஆனால் சில பழக்கங்களை இப்போதே பிடித்துக்கொள். ஒவ்வொரு பேட்ஜையும் தனித்தனியாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வை. ஒன்றின் ஊக்கு இன்னொன்றின் முகத்தைக் கீறக் கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதே, ஈரம் உள்ளேயே நிற்கும். பாச்சை உருண்டையும் வேண்டாம். சுற்றும்போது கூடவே ஒரு காகிதச் சீட்டு வை. யார் கொடுத்தது, எந்தத் தேர்தல், எந்த ஊர், கொடுத்தபோது என்ன சொன்னார் என்று பென்சிலால் எழுது, மை கசியும். செல்போனில் பதிந்து வைத்திருக்கிறேன் என்று சொல்லாதே. போன வருஷம் அந்தப் போன் கிணற்றில் விழுந்ததும் நீ மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்ததும் எனக்குத் தெரியும்.

மொத்தம் அறுபத்து மூன்று இருக்க வேண்டும். சீட்டு எழுதாதது பெரும்பாலும் என் தப்புத்தான். எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் செய். தினம் இரண்டு பேட்ஜ் என்றாலும் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். நான் சொல்கிறேன், நீ எழுது.

புறாவை விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கொடுத்த அண்ணன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தம்பியும் இப்போது இல்லை. அண்ணனின் பேரன் தோட்டக்கலைக் கல்லூரியில் படிக்கிறான்; போன வாரம் தாத்தாவின் பழைய சட்டை ஒன்றைச் சுருக்கித் தரச் சொல்லிக் கொண்டு வந்தான். பையைப் பார்த்ததும் எனக்கு என் தையல் தெரிந்துவிட்டது. அவனிடம் புறாவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவன் ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்கட்டும். அவனுக்கு வேண்டும் என்றால் அவனுக்குத்தான். தீபாவளிக்கு வரும்போது மற்றதை விட்டாலும் அதை மறக்காமல் எடுத்து வா. அவனை அன்றைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன்.

உன்
தாத்தா